வண்ணம் காயும் நேரம்

1954இல் கே.சி.எஸ். பணிக்கர் தம் ஓவியங்களை எடுத்துக்கொண்டு லண்டனுக்கும் பாரிசுக்கும் போனார். அப்போது அவர் சென்னை ஓவியப் பள்ளியில் ஆசிரியர். தந்தி இலாகாவிலும் காப்பீட்டு வேலையிலும் இருந்து குடும்பத்தைத் தாங்கிவிட்டு, 25 வயதில்தான் அதே பள்ளிக்குள் மாணவராக நுழைந்தவர். கேரளத்துக் காயல்களையும் தென்னந்தோப்புகளையும் நீர்வண்ணத்தில் தீட்டிச் சென்னையில் பெயர் வாங்கியிருந்தார். லண்டனிலும் பாரிசிலும் பார்த்தவர்கள் அவருடைய கைத்திறனைக் குறை சொல்லவில்லை. இந்த ஓவியங்களில் இந்தியா எங்கே இருக்கிறது என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி.

கேள்வியைச் சுமந்துகொண்டு ஊர் திரும்பினார். மறுநாளே ஒரு கோபுரத்தையோ யானையையோ கேன்வாஸில் ஏற்றி அந்தக் கேள்வியை அடைத்துவிடவில்லை. தோட்டங்களை வரைந்தார். கிறிஸ்துவையும் புத்தரையும் வரைந்தார். உருவங்களைத் தட்டையாக்கிப் பார்த்தார், கோட்டை முன்னுக்குக் கொண்டுவந்தார். 1957இல் பள்ளியின் முதல்வரானார். பிறகு ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கம் அவர் கண்ணில் பட்டது. எண்கள், குறிகள், வடிவகணிதக் கோடுகள், ஓரத்துக் கிறுக்கல்கள். 1963இல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசை தொடங்கியது. மலையாள எழுத்துப் போலத் தெரியும், வாசிக்கப் போனால் வார்த்தை ஆகாது. ஜாதகக் கட்டம் இருக்கும், யாருடைய ஜாதகமும் ஆகாது. மீனும் பறவையும் பாம்பும் அந்தக் கிறுக்கல்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்திருக்கும். அதுவரை இந்திய நவீன ஓவியத்தில் இல்லாத ஒரு பக்கம் அது.

கேள்விக்கும் பதிலுக்கும் இடையே 9 ஆண்டுகள்.

குறியீடுகளை வைத்து, உள்ளே கொதிப்பதை வெளியே கொட்டும் விதமாக, அக்ரிலிக்கில் வரையும் இளைஞர்கள் இன்று தமிழ்நாட்டின் சிறு ஊர்களில்கூட இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் படங்கள் என் கைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. "எப்படி இருக்கு, சொல்லுங்க" என்று ஒரு வரி கூடவே வரும். பல படங்களில் வண்ணம் இன்னும் ஈரமாக மினுங்கும். பணிக்கரின் அந்த 9 ஆண்டுகள் அப்போதெல்லாம் நினைவுக்கு வரும். எல்லோரும் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கருத்துக் கேட்பதும் கருத்துச் சொல்வதும் ஓவியத்தின் உள்ளேயே நடக்கும் வேலை. வண்ணம் மாறியதாலும் காட்டும் இடம் மாறியதாலும் அந்த வேலையே வேறாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

எழும்பூர்ப் பக்கம் ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் செங்கல் வளாகத்தில் இருக்கும் பணிக்கரின் அந்தப் பள்ளியை 1850இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர். நெடுங்காலம் அது கைவினைப் பள்ளியாகத்தான் இருந்தது. முதல் இந்திய முதல்வராக தேவிபிரசாத் ராய் சௌத்ரி வந்த பிறகுதான் ஓவியன் என்ற தனி ஆளுக்கு அங்கே இடம் உண்டானது. மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவர். பணிக்கர், எஸ். தனபால், அவர்களுக்குப் பின் சந்தானராஜ், முனுசாமி என்று ஆசிரியர்களே வேலை செய்யும் கலைஞர்களாக இருந்தது அந்தப் பள்ளியின் பெரும் பலம். மாணவன் வரைந்துகொண்டிருக்கும்போதே ஆசிரியர் பின்னால் வந்து நிற்பார். அங்கே படித்த மூத்தவர்களிடம் பேசினால் திரும்பத் திரும்பக் காதில் விழுவது இதுதான்: கருத்து என்பது வேலை முடிந்தபின் வாங்கும் சான்றிதழாக இருக்கவில்லை. ஓவியம் நடந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் இன்னொரு கண் இருந்தது. நல்லா இருக்கு என்ற சொல் அபூர்வமாகத்தான் வந்தது. இந்த மூலை செத்துக் கிடக்கிறது, இந்தக் கோடு பயப்படுகிறது, இங்கே கை ஓடிவிட்டது, மனம் வரவில்லை என்ற மாதிரிதான் பேச்சு.

சந்தானராஜின் ஓவியத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். திருவண்ணாமலையில் பிறந்தவர். அவருடைய கோடு ஒரே இழுப்பில் முதுகிலிருந்து முழங்கால்வரை வந்து நிற்கும். திருத்தம் தெரியாது. அப்படி ஒரு கோட்டைப் போடுபவர் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்றால் உங்கள் கோட்டின் தயக்கம் உங்களுக்கே தெரிந்துவிடும். அவர் வாயைத் திறக்கவே வேண்டாம்.

வெளிப்பாட்டியம் என்று நாம் சொல்லும், உள்ளே கொதிப்பதைக் கொட்டும் இந்த வகை ஓவியத்துக்குப் பிறந்த நாள்முதலே கருத்துச் சொன்னவர்களோடு தகராறுதான். எட்வர்ட் மூங்க் 1892இல் பெர்லின் ஓவியர் சங்கம் அழைத்ததால் அங்கே போய்க் காட்டினார். சங்கத்துக்குள்ளேயே சண்டை மூண்டு, ஒரே வாரத்தில் கண்காட்சியை மூடினார்கள். 1909இல் மியூனிக்கில் கந்தின்ஸ்கியும் நண்பர்களும் காட்டிய ஓவியங்கள்மேல் ஆட்கள் துப்பினார்கள். காட்சிக்கூடம் மூடியபின் ஒவ்வொரு நாளும் துடைக்க வேண்டியிருக்கிறது என்று கூடத்தின் உரிமையாளர் நொந்துகொண்டதைக் கந்தின்ஸ்கியே எழுதிவைத்திருக்கிறார். கொடுமைதான். ஆனாலும் துப்பியவர்கூட அந்த ஓவியத்தின் எதிரே, அதன் முழு அளவின் எதிரே, நின்றிருந்தார் என்பதை நான் மறக்க மாட்டேன். அவரை அது தொட்டிருந்தது.

சென்னையில் அப்படி யாரும் துப்பவில்லை. இங்கே சிக்கல் வேறு: பார்க்க ஆள் இல்லை, வாங்க அதைவிடக் குறைவு. 1944இல் பணிக்கரும் நண்பர்களும் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1961இலிருந்து 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற இதழைத் தாங்களே கொண்டுவந்தார்கள். அப்போதும் கல்லூரியை விட்டு வெளியே வரும் இளம் ஓவியன் எதை வைத்துச் சாப்பிடுவான் என்ற கேள்வி அப்படியே இருந்தது. பத்திக் துணிகள் செய்து விற்றார்கள். மெழுகு பூசிச் சாயத்தில் தோய்த்த துணிகள் நன்றாகப் போயின. சேர்த்த காசில் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம் உருவானது. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் பறக்கும் அந்த இடம் அன்று மணலும் சவுக்கும்தான்.

சோழமண்டலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் தன்மானத்தைப் பாராட்டுவார்கள். என்னை ஈர்ப்பது வேறொன்று. கைவினைப் பொருள் சோறு போட்டதால், ஓவியம் விற்றாக வேண்டிய அவசரம் குறைந்தது. விற்க வேண்டாத ஓவியத்தைப் பற்றி உண்மை பேசலாம். பக்கத்து வீட்டுக்காரரும் ஓவியர். காலையில் பத்திக் தொட்டியருகே உங்களோடு நின்ற அதே மனிதர் மாலையில் உங்கள் கேன்வாஸ் முன்னால் நிற்கிறார். உங்களைப் புகழ்ந்து அவருக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை. நோகடிக்கவும் முடியாது, நாளைக் காலையில் அதே கிணற்றடியில் முகம் பார்க்க வேண்டும். அந்த நிலையிலிருந்து வரும் கருத்துக்கு ஒரு எடை உண்டு. ஹரிதாசனின் தாந்திரிக வடிவங்களும் சுல்தான் அலியின் பழங்குடி எருதுகளும் ரெட்டப்ப நாயுடுவின் தெய்வ உருவங்களும் ஒரே இயக்கத்துக்குள் இருந்தும் ஒன்றையொன்று நகலெடுக்காமல் நின்றதற்கு இந்த அக்கம்பக்கமும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். அண்டை வீட்டு ஓவியத்தைப் போலவே வரைந்தால் முதலில் கண்டுபிடிப்பவர் அண்டை வீட்டுக்காரர்தானே.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. கே. ராமானுஜம் என்ற மனிதர் சோழமண்டலத்தில் இருந்தார். பேச்சு எளிதாக வராதவர். மையில் அவர் வரைந்த மாளிகைகளும் விசித்திர விலங்குகளும் தொப்பி வைத்த அவர் உருவமும் கனவிலிருந்து நேராக இறங்கியவை. பணிக்கர் அவரை அணைத்துக்கொண்டார். நண்பர்கள் அவருடைய வரைவுகளை மதித்தார்கள். இருந்தும் 1973இல், 32 வயதில், அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஓவியத்தைப் புரிந்துகொண்ட கண்கள் சுற்றி இருந்தும் மனிதரைக் காப்பாற்ற அது போதவில்லை. டி.கே. பத்மினி சென்னையில் படித்தவர். கேரளக் கிராமத்துப் பெண்களைக் கனத்த உடலும் இருண்ட நிறமுமாக, உள்ளே ஏதோ எரிவதுபோல வரைந்தவர். 1969இல், முப்பதைத் தொடுவதற்குள், பிரசவத்தில் போய்விட்டார். அவர் எவ்வளவு பெரிய ஓவியர் என்று பேசத் தொடங்கியதே வெகு காலம் கழித்துத்தான். தோளுக்குப் பின்னால் நின்று கருத்துச் சொன்ன அந்த வட்டத்தில் பெண்கள் மிகக் குறைவு. சென்னைக்கு வந்து, விடுதியில் தங்கி, ஐந்தாறு ஆண்டுகள் படிக்க முடிந்தவர்களுக்குத்தான் அந்தக் கண் கிடைத்தது. கீழத்தஞ்சையிலோ கரிசல் காட்டிலோ வரையும் கை கொண்ட ஒரு பெண் அன்று யாரிடம் போய்க் காட்டியிருப்பாள்?

பொதுமக்களுக்கு இந்த ஓவியம் வந்து சேர்ந்தது காட்சிக்கூடம் வழியாக அல்ல, அச்சு வழியாக. சிற்றிதழ்களின் அட்டையில் ஆதிமூலத்தின் கோடு வந்தது. ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் வரைந்தபோது, ஓவியக் கண்காட்சியின் வாசலையே மிதிக்காத லட்சக்கணக்கானவர்கள் ஒரு நவீன ஓவியரின் கையை வாரந்தோறும் பார்த்தார்கள். மருதுவின் கோடுகளும் அப்படித்தான் வீட்டுக்குள் வந்தன. முதலில் முகம் சுளித்தவர்கள் உண்டு. மூக்கு எங்கே, கை ஏன் இப்படி என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் கதை பக்கத்திலேயே இருந்தது. வாசித்துக்கொண்டே பார்த்ததில் கண் மெல்லப் பழகியது. கோணலான ஒரு கோடு கிழவியின் முதுகைப் புகைப்படத்தைவிடச் சரியாகச் சொல்லும் என்பதை அவர்களுக்குப் பாடமாக யாரும் நடத்தவில்லை.

இனி வண்ணத்துக்கு வருகிறேன். அன்று பெரும்பாலும் தைல வண்ணம். ஆளி விதை எண்ணெயில் குழைத்த நிறம். அது தண்ணீர் வற்றிக் காய்வதல்ல, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுவது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே பல நாள், தடிப்பாகப் பூசினால் பல வாரம். மேலே வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுக்கச் சொல்வார்கள். ஓவியன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஓவியம் அவன் அறையிலேயே கிடந்தது. காலை வெளிச்சத்திலும் குண்டு பல்பிலும் அவன் அதைப் பார்த்தான். சாப்பிடும்போது பார்த்தான், சண்டை போட்டுவிட்டு வந்து பார்த்தான். அடுத்தவர் கண்ணுக்குப் போவதற்குள் அது அவனுடைய சொந்தக் கண்ணிடமே பல தடவை தேர்வு எழுதிவிட்டது.

அக்ரிலிக் அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டது. நிறப்பொடியைச் சுமந்திருப்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள். தண்ணீர் ஆவியானதும் துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். அமெரிக்காவில் 1950களின் நடுவில் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் ஓவியருக்காகக் கடைக்கு வந்தது. இந்தியாவில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில் அதெல்லாம் வெளிநாடு போய்வந்தவர் பெட்டியில் இருக்கும் பொருள். இன்று கேமல் ட்யூபும் பெவிக்ரில் சிறு புட்டியும் ஊர்ப் பேன்சி ஸ்டோரில் கிடைக்கின்றன. மெல்லிய பூச்சு, சித்திரை வெயில், மின்விசிறி. பிரஷ்ஷைக் கழுவுவதற்குள் காய்ந்துவிடும். கழுவ மறந்தால் பிரஷ்ஷும் போய்விடும், காய்ந்த அக்ரிலிக் தண்ணீருக்கு மசியாது. ஈரத்தில் வெளுத்துத் தெரிந்த நிறம் காய்ந்தபின் ஒரு படி கருக்கும் என்பதைப் புதிதாகத் தொடுபவர்கள் போகப்போகத்தான் தெரிந்துகொள்கிறார்கள். நம் வெயிலுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: படலம் இளகும். ஓவியத்தை ஓவியத்தின்மேல் முகத்தோடு முகம் சேர்த்து அடுக்கினால் ஒன்றின் தோல் மற்றதில் ஒட்டிக்கொண்டு உரியும்.

நான் அக்ரிலிக்கின் எதிரி இல்லை. அதன் வேகம் கோபத்துக்கும் துக்கத்துக்கும் பொருத்தமானது. அடிப்பூச்சு காய்ந்த அரைமணியில் அதன்மேல் இன்னொரு நிறத்தை அறைந்து, அடியில் இருப்பது கலங்காமல் மேலே ஏற்றலாம். தைலத்தில் அப்படிச் செய்தால் சேறாகிவிடும். வாடகை அறையில் டர்பன்டைன் நெடி இல்லாமல், குழந்தை தூங்கும்போது வரையலாம். எத்தனையோ பேருக்கு ஓவியம் என்ற கதவைத் திறந்ததே இந்த வண்ணம்தான்.

ஆனால் அதே வேகம் கருத்தோடு சேரும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் கிணற்றுக்குள் இறங்கும் ஏணி ஒன்றை வரைந்தார். ஏணியின் கடைசிப் படிகள் தண்ணீருக்குள்ளே போய் எலும்பாக மாறியிருந்தன. முரட்டுக் கோடு, நல்ல தொடக்கம். நண்பர்கள் குழுவுக்குப் படம் பிடித்து அனுப்பினார். ரொம்ப இருட்டா இருக்கு என்றார் ஒருவர். பின்னணியை வெளுத்தார். மேலே ஒரு நிலா இருந்தால் என்ன என்றார் இன்னொருவர். நிலா வந்தது. எலும்பு பயமாக இருக்கிறது என்று ஒரு குரல். எலும்பு வேராயிற்று. எல்லாம் ஒரே ராத்திரியில். அக்ரிலிக் மூடுவதில் கெட்டிக்காரப் பொருள், ஒரு பூச்சில் பழையது மறைந்துவிடும். விடிந்தபோது அழகான, யாரையும் தொந்தரவு செய்யாத ஒரு படம் இருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். அவருக்கு மட்டும் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. எலும்புப் படிகளோடு இருந்த அந்த நிலை இப்போது அவருடைய போனில் மட்டும் இருக்கிறது. தைல வண்ணமாக இருந்திருந்தால் அந்த ராத்திரியில் அவரால் அதை இப்படிப் பூச்சின்மேல் பூச்சாக மூடியிருக்க முடியாது. நான்காம் நாள் அவரே அதைக் காப்பாற்றியிருக்கவும் கூடும்.

போனில் காட்டும்போது ஓவியம் எதை இழக்கிறது என்று ஓவியர்களே முழுக்க எண்ணிப் பார்ப்பதில்லை. முதலில் அளவு. ஐந்தடிக் கேன்வாஸும் உள்ளங்கை அட்டையும் ஒரே கண்ணாடிச் சதுரத்தில் ஒரே உயரத்தில் நிற்கும். ஆள் உயரத்துக்கு ஒரு கருஞ்சிவப்பு உருவம் உங்களை நோக்கி வருவதும், கட்டைவிரல் அளவில் அது தெரிவதும் ஒரே அனுபவம் இல்லை. அடுத்து மேல்தளம். கத்தியால் இழுத்த வண்ணத்தின் மேடு, பிரஷ் மயிர் விட்ட கீறல், அடிப்பூச்சு எட்டிப் பார்க்கும் இடுக்கு எல்லாம் தட்டையாகிவிடும். அக்ரிலிக்கின் மினுமினுப்பில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து ஒரு வெள்ளைத் திட்டு கிடக்கும். நிறத்தைப் போன் தானாகவே தூக்கிக் காட்டும். ஓவியர் பாடுபட்டுக் கொன்று வைத்த பச்சை அங்கே உயிரோடு எழுந்து நிற்கும்.

இதில் எனக்குக் கவலை தரும் விளைவு ஒன்று. கட்டைவிரல் அளவில் குறியீடு பிழைக்கும், கோடு பிழைக்காது. கூண்டு, சிறகு, கண், படிக்கட்டு, பிறை, சாவி: இவற்றை எவ்வளவு சிறிதாக்கினாலும் அடையாளம் தெரியும். தூரிகையின் பதற்றம் தெரியாது. ஆகவே பாராட்டு குறியீட்டுக்குப் போகிறது. பாராட்டு போகும் பக்கம் கையும் போகும். சில ஆண்டுகளாக எனக்கு வரும் படங்களில் ஒன்றுபோல் கூண்டுக்குள் இதயங்களும் தலைக்குப் பதில் பூக்களும் பெருகியிருப்பதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன். வலியை வரைய வந்த பிள்ளைகள் வலியின் சின்னத்தை வரைந்துவிட்டுப் போகிறார்கள். பணிக்கரின் குறியீடு படிக்க முடியாததாக இருந்தது. அதனால்தான் கண் அதில் அலைந்தது. அர்த்தம் உடனே கைக்கு வந்துவிட்டால் கண்ணுக்கு அங்கே வேலை தீர்ந்துவிடும்.

இதன் மறுபக்கம், விளக்கம் கேட்கும் பழக்கம். "இதுக்கு என்ன சார் அர்த்தம்?" என்ற கேள்வி அன்றும் இருந்தது. அன்று ஓவியர் அதைச் சிரித்துக் கடக்கலாம், நீங்களே பாருங்கள் என்று நகரலாம். இன்று படத்தோடு நாலு வரி சேர்த்தே அனுப்ப வேண்டியிருக்கிறது. காகம் என் பாட்டி, சிவப்பு நூல் என் கர்ப்பம், உடைந்த பானை எங்கள் ஊர். எழுதியவர் உண்மையைத்தான் எழுதுகிறார். ஆனால் அந்த வரிகளைப் படித்தபின் வரும் கருத்துகள் அந்த வரிகளைப் பற்றியவை. பாட்டியின் நினைவுக்கு ஆறுதல் வரும், காகத்தின் இறக்கை ஏன் உடலோடு ஒட்டவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். துக்கத்தைச் சொன்னவரிடம் இறக்கையைப் பற்றிக் கேட்பது இரக்கமற்றதாகத் தோன்றும். கேட்டாக வேண்டும் என்பதே என் கட்சி. அந்தத் துக்கத்தை மதிப்பதால்தான் இறக்கையைக் கேட்கிறோம்.

வரும் சொற்களையும் பாருங்கள். சூப்பர், செம, வேற லெவல், ஒரு சிவப்பு இதயம். அந்த அன்பைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. தனியாக உட்கார்ந்து வரைபவருக்கு ராத்திரி பதினொரு மணிக்கு வரும் ஒரு இதயம் மறுநாளும் பிரஷ்ஷை எடுக்க வைக்கும். ஆனால் அதில் பிடித்து ஏற ஒரு படி இல்லை. இதற்குச் சொல்பவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. எப்படி இருக்கு என்று கேட்டால் நல்லா இருக்கு என்பதுதான் தமிழ் மரியாதை. வீட்டுக்கு வந்தவரிடம் குழம்பு எப்படி என்று கேட்பதைப் போன்றது அது, உப்பைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கேள்வியைக் கூர்மையாக்கினால் பதிலும் கூர்மையாகும். முதலில் உங்கள் கண் எங்கே போனது? எந்த இடத்தில் சலித்தது? தலைப்பை மறைத்துவிட்டால் என்ன தெரிகிறது? எதை எடுத்துவிட்டாலும் ஓவியம் நிற்கும்? இப்படிக் கேட்பவர்களுக்கு நான் நேரம் ஒதுக்கி எழுதுகிறேன். முழுப் படத்தோடு, பக்கவாட்டில் வெளிச்சம் விழ எடுத்த ஒரு நெருக்கப் படமும், அளவு தெரியப் பக்கத்தில் கை வைத்து எடுத்த ஒன்றும் அனுப்பினால் இழந்ததில் பாதி திரும்பி வந்துவிடும். கேட்டுவிட்டு அன்றைக்கே பிரஷ்ஷைத் தொடாமல் இருப்பது அதைவிட முக்கியம்.

இப்போது வந்தவாசிப் பக்கத்துப் பெண் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோரைப்பாய் நெய்யும் குடும்பம். ஓவியக் கல்லூரியில் படித்தவரில்லை, சென்னையில் ஒரு கண்காட்சிகூடப் பார்த்ததில்லை. கேன்வாஸ் போர்டில் அம்மாவின் தறியை வரைந்திருந்தார். அம்மாவின் முகம் பாதிதான், அது இருட்டில் கரைந்திருந்தது. விரல்கள் மட்டும் பெரிதாக, வீங்கி, மண்ணின் நிறத்தில். பாவு நூல்கள் அம்மாவின் தோளிலிருந்து கிளம்பிப் படத்தின் அடிவரை ஜன்னல் கம்பிகளாக இறங்கின. எங்கே நூல் முடிகிறது, எங்கே கம்பி தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. அன்றைய நாளாக இருந்திருந்தால் அந்தப் படம் அந்த வீட்டைத் தாண்டியிருக்காது. இன்று அது மதுரையில் ஒருவருக்கும் புதுச்சேரியில் ஒருவருக்கும் எனக்கும் வந்து சேர்ந்தது. இந்த ஒன்றுக்காகவே போனுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவர் அனுப்பிய கேள்வியும் தெளிவாக இருந்தது. "சார், வலது பக்கம் கம்பியா மாறுது. இடது பக்கம் வெறும் நூலாவே நிக்குது. நிறத்தை இன்னும் கறுப்பாக்கட்டுமா?" மதுரைக்காரர் கறுப்பாக்கச் சொன்னார். புதுச்சேரியிலிருந்து ஒரு மூத்த ஓவியர் குரல் பதிவில் பேசினார்: "கைய வைக்காதம்மா, சுவத்துல மாட்டிட்டு பத்து நாள் பாரு, அப்புறம் பேசுவோம்." நான் இடப்பக்கத்து மஞ்சளைச் சந்தேகப்பட்டேன். அது வெயிலைக் கொண்டுவந்து நூலை லேசாக்குகிறது என்று எழுதினேன்.

பெரியவர் சொன்னபடி தறி இருக்கும் தாழ்வாரத்துச் சுவரிலேயே மாட்டி வைத்தார். அம்மா நாள் முழுக்க அதன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார், படத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஒருநாள் கையை நிறுத்திவிட்டு, "ஏண்டி, இந்தப் பக்கம் பாவு தொய்ஞ்சு கெடக்கே. இப்படி இருந்தா பாய் எப்படி நெருக்கமா வரும்?" என்று கேட்டிருக்கிறார். மூன்று பேரும் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். குறை இழுவிசையில் இருந்தது. இடப்பக்கத்து நூல்கள் லேசாக வளைந்து இறங்கியிருந்தன. தறியில் உள்ள பாவு அப்படி வளையாது, வளைந்தால் நெய்ய முடியாது. படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது எனக்கும் அது மட்டும்தான் தெரிந்தது. இப்போது மகள் அளவுகோலை வைக்காமல், தோளிலிருந்து கையை வீசி, அந்த இடது பக்கத்து நூல்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். மஞ்சளை அப்படியே விட்டுவிடப் போகிறாராம்.